எண்ணெய் மூடியில் வைத்த சந்தனம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். அப்பா இருந்தவரை துணிச்சல் வரவில்லை. அவர் போன பிறகும் இரண்டு தைப்பூசம் கழிந்துவிட்டது. ஆனால் எங்காவது பழைய லாரி நீலமாகப் புகை விட்டுப் போனால், தொண்டையில் ஒட்டும் அந்தக் கருகிய எண்ணெய் வாடை என்னைக் கிளமெண்டியில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார்பார்க்கில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

அப்பாவிடம் பழைய டீசல் வேன் ஒன்று இருந்தது. விடிந்ததும் வாழையிலையும் பூவும் ஏற்றிக்கொண்டு தேக்கா சந்தைக் கடைகளுக்கும் கேலாங் பக்கத்துக் கோவில்களுக்கும் போகும். ஓட்டியவர் செல்வம் அண்ணன், பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் கடல் கடந்து வந்தவர். காலையில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் நீலப்புகை வரும், பிறகு அடங்கிவிடும். அந்த வருஷம் வண்டிக்குச் சர்க்கார் இன்ஸ்பெக்‌ஷன் நெருங்கியபோது அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. புகையைப் பார்த்து வேனை ஒதுக்கிவிட்டால் பிழைப்பு நின்றுவிடும். சாப்பிடும்போதெல்லாம் "வண்டி எண்ணெய் குடிக்குது, எண்ணெய் குறைஞ்சா இன்ஜின் போயிடும்" என்றே பேச்சு. திங்கட்கிழமைதோறும் இன்ஜினின் எண்ணெய் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்து, அதிலுள்ள மேல் கோடு வரை மட்டும் ஊற்றும்படி செல்வம் அண்ணனிடம் சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டில் சாமி விளக்கு என் பொறுப்பு. எண்ணெய் இறங்குவதற்கு முன்னால் விளிம்புவரை நிரப்பிவிட வேண்டும் என்பது அம்மாவின் கண்டிப்பு. வேனுக்கும் அப்படித்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பள்ளி விட்டு வந்ததும், அப்பா கண்ணயரும் நேரத்தில், சாவியை எடுத்துக்கொண்டு கீழே போவேன். இன்ஜினுக்கு மேலிருந்த சீட்டைத் தூக்கி, பின்னால் இருந்த டின்னிலிருந்து ஒரு டம்ளர் எண்ணெய் ஊற்றுவேன். மூடியில் சந்தனம் வைத்து, "முருகா, இந்த வண்டிய பாஸாக்கிடு" என்று கும்பிடுவேன். செவ்வாயிலிருந்து வெள்ளி வரை ஒரு நாளும் தவறவில்லை.

சனிக்கிழமை வேன் விட்ட புகையில் எதிர் புளோக்கே தெரியவில்லை. அப்பா அன்றே பட்டறைக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். பட்டறைச் சீனக் கிழவர், புகை கறுப்பு என்றால் டீசல் கோளாறு, வெள்ளை என்றால் தண்ணீர், நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது என்று அப்பாவுக்கு மலாயில் சொல்லிக்கொண்டே கம்பியை இழுத்தார். மேல் கோட்டுக்கும் மேலே இரண்டு விரல் உயரம் எண்ணெய். இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றினால் அதிலும் சொட்டியது. கூடுதலாக இருந்ததை வடித்துவிட்டு ஓடவிட்டார், புகை தணிந்தது. ஸ்டார்ட் செய்யும்போது வருகிற சின்னப் புகைக்கு வால்வில் இறுகிப்போன ரப்பர் சீல்தான் காரணம், மாற்றினால் போதும், பிஸ்டன் நன்றாக இருக்கிறது என்றார். எண்ணெய் குறைந்தால் கெடும் என்று மட்டும் தெரிந்திருந்த நான், கூடினாலும் கெடும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரம் திங்கட்கிழமைதான் திறந்த டின், அதற்குள் பாதிக்கு இறங்கியிருந்தது. அப்பா செல்வம் அண்ணனைக் கேட்டார். கோடு வரைதான் ஊற்றினேன், பிறகு தொடவில்லை என்றார் அவர்.

"தெரியாம ஊத்திட்டேன்னு சொல்லு தம்பி, விட்டுடறேன். பொய் மட்டும் சொல்லாத" என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் செல்வம் அண்ணன் லிஃப்ட் வாசலில் என்னைப் பார்த்து நின்றார்.

"பாப்பா, மூடியில சந்தனம் இருந்துச்சு."

நான் தரையைப் பார்த்தேன்.

"நான் சொன்னா, சின்னப் புள்ள மேல பழியப் போடுறான்னு ஆயிடும். நீயே அப்பாகிட்ட சொல்லிடும்மா. திட்டுவாரு, அவ்வளவுதான்லா."

தலையாட்டினேன். சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. சீல் மாற்றி வேன் இன்ஸ்பெக்‌ஷனில் பாஸானது. எல்லாரும் சிரித்த அந்த நாளிலும் சொல்லவில்லை. அடுத்த மாதம் பெர்மிட் முடிந்தபோது, பொய் சொல்கிறவன் கையில் சாமிப் பூவைக் கொடுக்க மனசு ஒப்பவில்லை என்று சொல்லி அப்பா புதுப்பிக்கவில்லை. செல்வம் அண்ணன் பெட்டியோடு வந்து அப்பாவிடம் சொல்லிக்கொண்டு ஊருக்குப் போனார். என் தலையிலும் கை வைத்துவிட்டுத்தான் போனார்.

அந்த வேன் என்றைக்கோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. இப்போது சத்தமே இல்லாத மின்சார வேன்கள் தேக்காவில் பூ இறக்குகின்றன. கம்பியை இழுத்துப் பார்க்கிற வேலையே அவற்றுக்கு இல்லை. எங்கள் உறவில் மட்டும் யாராவது டிரைவர் வைக்கிறார்கள் என்றால், அளவில்லாமல் எண்ணெய் ஊற்றிவிட்டு இல்லை என்று சாதித்த செல்வத்தின் கதை இன்னும் வருகிறது. முருகன் சந்நிதியில் நான் எத்தனையோ முறை அழுது சொல்லியிருக்கிறேன். மனிதர்களிடம் சொல்வது இதுதான் முதல் முறை.

படித்தவர்கள் தெரிந்தவர்களிடம் இதைச் சொல்லுங்கள், பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். பாவம், சின்னப் பிள்ளை, விவரம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று எனக்குப் பரிந்து எதையும் சேர்க்க வேண்டாம். எண்ணெய் ஊற்றியது தெரியாமல்தான். வாயை மூடிக்கொண்டிருந்தது தெரிந்துதான். எனக்கு அப்போது பதினொரு வயது.