கலைத்துப் போட்ட கட்டில்

போன வாரம் இந்த இடத்தில் என் பத்தி இல்லை. கவனித்தவர்களுக்கு நன்றி. கவனிக்காதவர்களைக் குறை சொல்ல மாட்டேன்… அவரவருக்கு ஆயிரம் வேலை.

காய்ச்சல் இல்லை. கல்யாணம், கருமாதி எதுவும் இல்லை. பாசிக்குடாவில் ஒரு கடற்கரை ரிசோர்ட்டில் ஓய்வெடுக்கப் போயிருந்தேன். ஓய்வெடுத்துவிட்டு வந்த களைப்பு இன்னும் தீரவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ராசம்மா அக்கா. என் உடன்பிறந்த அக்கா. நான் படித்து டீச்சராகி பண்டாரவளைக்கு வந்துவிட்டேன். அக்கா நமுனுகுல பக்கம் நாங்கள் பிறந்த அதே தேயிலைத் தோட்டத்து லய வீட்டில்தான் இருக்கிறாள், இன்றும் கொழுந்து பறிக்கிறாள். ஒருநாள் விடியும் முன்பே போன் போட்டாள்.

“பாப்பா, கவிதா வேலை செய்ற ஓட்டல்ல நாம ரூம் போட்டு தங்க முடியுமா?”

கவிதா அவளுடைய மகள். பாசிக்குடாவில் ரூம் சுத்தம் செய்கிற வேலை. வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. தீபாவளிக்கு லீவு கேட்டால் தீபாவளிக்குத்தான் ஹோட்டல் நிறைகிறது. பொங்கலுக்குக் கேட்டால் லோங் வீக்கெண்ட். ஊரே லீவு எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகிற நாளில்தானே அவளுக்கு வேலை! அடுத்த மாதம் மாலைதீவுக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே ஒரு தீவு முழுக்க ஒரே ஹோட்டலாம். இங்கே கடைசி நாள் வரை வேலை, மறுநாள் கொழும்பில் ஏஜென்சி, அதற்கடுத்து விமானம். இடையில் மலைக்கு ஏறி வந்து அம்மா முகத்தைப் பார்க்க நேரமில்லை.

“என்னத்துக்குக்கா ரிசோர்ட்? பக்கத்துல யாரு வீட்லயாச்சும் தங்கி அவளப் பாத்துட்டு வரலாம்ல?”

“கேட்டுட்டேன்டி. சீசனாம், லீவு இல்லையாம். பொம்பளப் புள்ளைங்க தங்குற எடத்துல வெளியாள விடமாட்டாங்களாம். ரூம் போட்டா மட்டும் அவளே சுத்தம் பண்ண ரூமுக்கு வருவா, அப்ப பாத்துக்கலாம்னு சொன்னா.” பிறகு சொன்னாள்: “போகாத தாயேனு அவ மூஞ்சியப் பாத்து சொல்லணும் பாப்பா. போன்ல சொன்னா ம்… ம்…னு கேட்டுட்டு வச்சிர்றா.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் திறந்தேன்.

எங்கள் குடும்பத்தில் போனில் ரூம் போடத் தெரிந்த ஒரே ஆள் நான். இது திறமை இல்லை, தண்டனை. நீங்கள் எப்போதாவது கடற்கரையில் ரூம் தேடியிருக்கிறீர்களா? கபானா, வில்லா, கூடாரம், மர வீடு, ஹோம்ஸ்டே… ஒவ்வொன்றிலும் சிரித்துக்கொண்டே நீச்சல் குளத்தில் மிதக்கும் ஒரு ஜோடி. கடலுக்குப் பத்தடி தள்ளி எதற்கு நீச்சல் குளம் என்று நான் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

கவிதா வேலை செய்யும் ரிசோர்ட் ஒன்றிலேயே எத்தனை வகை அறை! கடல் முழுதாகத் தெரியும் அறை. கடல் கொஞ்சம் தெரியும் அறை. தோட்டம் தெரியும் அறை. கடைசி வகைதான் விலை குறைவு என்று அக்காவிடம் சொன்னேன்.

“தோட்டத்தப் பாக்கவா பாப்பா இம்புட்டு தூரம் போறோம்?”

நியாயமான கேள்வி. கடல் கொஞ்சம் தெரியும் அறையைப் போட்டேன்.

கவிதாவிடமிருந்து ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. “சித்தி, அம்மான்னு யாருக்கும் சொல்லிறாதீங்க. சொந்தக்காரங்க வந்தா அந்த ரூம் பக்கமே விடமாட்டாங்க. போன வருஷம் ஒரு புள்ளையோட அக்கா வந்தப்போ, அவள லோண்ட்ரிக்கு மாத்திட்டாங்க. அவங்க போற வரைக்கும் அவ துணிதான் தொவச்சா.” குரலைத் தாழ்த்திப் பேசியிருந்தாள். எனக்கு அப்போதே களைத்துவிட்டது.

அக்காவின் வீட்டுக்காரர் மாட்டைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டார். நாங்கள் இருவரும் பதுளை பஸ் ஸ்டாண்டில் சேர்ந்து மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினோம். அக்காவின் மடியில் ஒரு பை. அதற்குள் தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல், மாட்டு நெய், பக்கத்து வீட்டுக் கல்யாணப் பலகாரம். மலை இறங்கிக் குளிர் குறையக் குறைய அக்கா ஸ்வெட்டரைக் கழற்றினாள், தலைத்துணியைக் கழற்றினாள். ஆனால் பையை மடியை விட்டு இறக்கவில்லை. வழியெல்லாம் வாயசைத்துக்கொண்டே வந்தாள். என்ன என்று கேட்டேன். மகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்க்கிறாளாம்.

ரிசோர்ட் வாசலில் சில்லென்று ஒரு ஜூஸ் கொடுத்தார்கள். அக்கா குடித்து முடித்தாள். கிளாஸைக் கழுவிக் கொடுக்க பைப் எங்கே என்று தேடினாள். “வச்சிடுக்கா, அவங்க பாத்துக்குவாங்க” என்றேன். அரை மனதோடு வைத்தாள்.

அறைக்குப் போகும் பாதையில், எதிரே ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பழுப்பு நிற யூனிபோர்ம், இறுக்கிக் கட்டிய கொண்டை. கவிதாதான்! இளைத்திருந்தாள். எங்கள் பெட்டியைத் தூக்கி வந்த ஊழியர் பக்கத்திலேயே நின்றார். கவிதா ட்ரொலியை ஓரமாக நிறுத்தி, கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தாள்.

“குட் ஆஃப்டர்நூன் மேடம். வெல்கம்.”

சொந்த அம்மாவுக்கு!

அக்கா திகைத்து நின்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, “வணக்கங்க” என்றாள். பெற்ற மகளுக்கு ஒரு ‘ங்க’. இருவரும் அவரவர் திசையில் நடந்தார்கள். திரும்பிப் பார்க்காதே என்று அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

அன்று ரூம் தயாராக இருந்ததால் யாரும் சுத்தம் செய்ய வரவில்லை. மறுநாள் காலைதான் அவளுடைய முறை. மறுநாள் ஒன்றுதான் எங்களுக்கு முழு நாள்.

அடுத்து நடந்ததைச் சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். ஏனென்றால் அவர்கள் வீட்டிலும் இதேதான் நடந்திருக்கும்.

லயத்தில் ஒரு பழக்கம். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடும் முன்பே பொம்பளைகள் எழுந்து, பாய் சுருட்டி, வாசல் தெளித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் மலைக்குக் கொழுந்தெடுக்கக் கிளம்புவார்கள். வீட்டை அப்படியே போட்டுவிட்டுப் போனவளைப் பற்றி அன்று மலை முழுக்கப் பேச்சாக இருக்கும். அக்காவுக்கு அது கையிலேயே ஊறிப்போன வேலை. கண் விழிக்கும் முன்பே கை விழித்துவிடும்.

நான் எழுந்தபோது அறை பளபளவென்று இருந்தது. தரை கூட்டியாயிற்று. தோட்டக்காரரிடம் ஈர்க்கு விளக்குமாறு இரவல் வாங்கியிருக்கிறாள். இரண்டு கட்டிலும் சுருக்கமில்லாமல் விரித்தாயிற்று. பாத்ரூம் கழுவியாயிற்று. துவாய்களை சோப்புப் போட்டுத் துவைத்து வராந்தா கம்பியில் காயப்போட்டிருந்தாள்.

“அக்கா… என்னக்கா செஞ்சு வச்சிருக்க?”

“புள்ள வர்றால்ல. அவளுக்கு வேல கொறையட்டும்னுதான்.”

சொல்லி வாய் மூடவில்லை, கதவு தட்டும் சத்தம். கவிதா நின்றாள், முகமெல்லாம் சிரிப்பு. அவளுக்குப் பின்னால் சூப்பர்வைசர். மட்டக்களப்புப் பக்கத்து மனிதர், தூக்கமில்லாத கண்கள். எட்டிப் பார்த்தார்.

“இதென்ன… இந்த ரூம் முடிஞ்சிதே! ஆர் செஞ்சது? சரி சரி, புது துவாயை மட்டும் வெச்சிட்டு அங்கால போ பிள்ளை. இன்டைக்கு நிறைய செக்-அவுட் கிடக்கு.”

கவிதா துவாயை வைத்தாள். அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். போய்விட்டாள்.

அக்கா விரித்து வைத்த கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். நடந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அறை அழுக்காக இருந்திருந்தால் மகள் உள்ளே வந்திருப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு வேலை முடியும்வரை கூடவே இருந்திருப்பாள். அந்த நேரத்தை அக்கா தன் கையாலேயே கூட்டித் தள்ளிவிட்டாள்.

“இந்தக் கை ஏன்டி சும்மா இருக்க மாட்டேங்குது?” என்று அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. அக்கா மேல் இல்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை. அப்படிக் கோபப்படக்கூடத் தெம்பில்லாத ஒரு கோபம்.

மத்தியானம் வரை கடல் பக்கம் உட்கார்ந்திருந்தோம். கடலைப் பற்றி எழுதவில்லையே என்று கேட்காதீர்கள். நீலமாக இருந்தது. அக்கா அதைப் பார்க்கவே இல்லை. தூரத்து வராந்தாக்களில் தெரிந்து மறைந்த பழுப்பு யூனிபோர்மையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. “அக்கா, எந்திரி. ரூமை அசிங்கப்படுத்துவோம்.”

நினைப்பதுபோல் அது சுலபமான வேலை இல்லை. நான் தலையணையைத் தூக்கி எறிந்தேன். அக்கா விரிப்பைக் கசக்கினாள், அடுத்த நொடியே அவள் உள்ளங்கை அதை நீவிவிட்டது. மறுபடி கசக்கினாள், மறுபடி நீவினாள். “முடியல பாப்பா” என்றாள். நான் விரிப்பைப் பிடுங்கித் தரையில் போட்டேன். அக்கா விறுவிறுவென்று வெளியே போனாள். திரும்பி வரும்போது முந்தானை நிறையக் கடல் மண். நடு அறையில் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவ்வளவையும் கொட்டினாள்.

ரிசப்ஷனுக்குப் போன் போட்டேன். வகுப்பில் போடுகிற அதே குரலில், “ரூம் இருக்கிற நிலைமையைக் கொஞ்சம் வந்து பாருங்க” என்றேன்.

சூப்பர்வைசரே வந்தார், கவிதாவோடு. வாசலில் நின்று மண்ணைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். அக்காவின் முந்தானையில் ஒட்டியிருந்த மண்ணையும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு கவிதாவை ஒருதரம் பார்த்தார்.

“இது கனக்க நேரம் எடுக்கும் போல. மெல்லச் செஞ்சிட்டு வா பிள்ளை. மத்த ரூமை நான் பார்க்கிறன்.”

அவர் போனதும் கதவைச் சாத்தினேன். கவிதா முதலில் சிரித்தாள். பிறகு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதை நான் எழுதப் போவதில்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தாள். அக்கா அதைப் பிடுங்கினாள்.

“குடும்மா. நீ கெஸ்ட்டு. உக்காரு.”

“நான் உங்கம்மாடி. நீ உக்காரு.”

“எங்க உக்கார்றது?”

“கட்டில்ல.”

கவிதா தயங்கினாள். “அதெல்லாம் கூடாதும்மா. யாராச்சும் பாத்தா வேல போயிரும். ரெண்டு வருஷமா தெனம் விரிக்கிறேன், ஒரு நா கூட உக்காந்ததில்ல.”

“சித்தி வாசல்ல நிப்பா. ஏய் பாப்பா, போ.”

இப்படித்தான் நான் காவலுக்குப் போனேன். ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்ற அட்டையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே அக்கா மண்ணைக் கூட்டும் சத்தம் கேட்டது. அவளுடைய குரலும் கேட்டது. மாடு கன்று போட்டதைச் சொன்னாள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் சோறு பத்தாமல் போனதைச் சொன்னாள். கவிதா ரொட்டி தின்றுகொண்டே “ம்… ம்…” கொட்டினாள். இனி அக்கா ‘போகாதே’ என்ற பேச்சுக்கு வருவாள் என்று காத்திருந்தேன். திடீரென்று பேச்சு நின்றுவிட்டது. விளக்குமாற்றின் சத்தமும் நின்றது.

என்னவோ ஏதோ என்று கதவை லேசாகத் திறந்து பார்த்தேன். கவிதா கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டபடியே சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். கையில் பாதி ரொட்டி. அக்கா தரையில் உட்கார்ந்து, மகளின் ஷூவைச் சத்தமில்லாமல் கழற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயில் விரல் வைத்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில் அக்காவின் பை காலியாகக் கிடந்தது. மலை ஏறத் தொடங்கியதும் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“போகாதேன்னு சொன்னியாக்கா?” என்று கேட்டேன்.

“இல்ல.”

“அதுக்குத்தானே அவ்வளவு தூரம் போனோம்!”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அசந்து தூங்குறா பாப்பா. எழுப்பியா அதச் சொல்ல முடியும்?”

கவிதா அடுத்த மாதம் போகத்தான் போகிறாள். எனக்கும் அதில் வருத்தம்தான். ஆனால் என்னால் ஆனது ரூம் போடுவது மட்டும்.

வீட்டுக்கு வந்து இத்தனை நாளாகியும் ரூம் போட்ட அந்த ஆப் என்னை விடுவதாக இல்லை. தினமும் ஒரு கேள்வி அனுப்புகிறது. ‘நீங்கள் தங்கிய அறையில் படுக்கை வசதியாக இருந்ததா?’ நேற்றுத்தான் அலுத்துப்போய் ஐந்து நட்சத்திரமும் போட்டு, கீழே ஒரு வரி எழுதினேன்.

“பிள்ளை நன்றாகத் தூங்கினாள்.”