ஒட்டிச்சா எண்டு கேளு

பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரி இல்லை. வாயைத் திறக்கும் முன்பே காது இரண்டும் சிவந்துவிடும். உம்மா அதைப் பார்த்ததுமே அகப்பையைத் தேடத் தொடங்குவார். ஆனாலும் பத்து வயதில், காது சிவக்காமல், கண் சிமிட்டாமல், ஒரே ஒரு சொல்லில் ஒரு பொய் சொன்னேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது அறுபது வருஷத்துக்கு மேலாகியும் கழராமல் நிற்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் கல்முனையில் நடந்த கதை இது. கடலிலிருந்து நாலாவது தெருவில் எங்கள் வீடு. உம்மாவின் தங்கச்சி, அதாவது என் சாச்சி, கலியாணம் முடித்துப் பதினொரு மாதத்தில் மாப்பிள்ளையைப் பறிகொடுத்தார். சாச்சாவுக்கு வந்த காய்ச்சல் ஏழே நாளில் அவரைக் கொண்டுபோய்விட்டது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். சாச்சிக்குக் கட்டிக்கொடுத்த புது வீடு அடுத்த வளவில் பூட்டிக் கிடந்தது. சாச்சி எங்கள் நடு அறையில் வெள்ளை உடுத்து இத்தா இருந்தார். நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை.

சும்மா இருக்கத் தெரியாத மனுசி சாச்சி. ஓதுவார், தைப்பார், தைத்ததைப் பிரித்துத் திரும்பவும் தைப்பார். சாச்சாவுக்கு ஓதும் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த கையோடு ஒரு நேர்ச்சை வைத்தார். இத்தா முடிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் கடற்கரைப் பள்ளிவாசலில் கந்தூரி விழா வரும். அதற்கு நாற்பது விளக்கு தன் கையால் செய்து கொடுப்பதென்று. எண்ணெய் விளக்கு கடல்காற்றில் நிற்காது. வெறும் மெழுகுதிரியும் ஒரு பக்கமாக உருகிச் சரிந்துவிடும். பால்பேணிக்குள் திரியை நிறுத்தி மெழுகை ஊற்றினால், காற்று தகரத்தில் முட்டிக்கொண்டு திரும்பிப் போகும் என்பது சாச்சியின் யோசனை. டின்பால் முடிந்த வெறும் பேணிகளைத் தேநீர்க்கடைகளில் பொறுக்கி வரும் வேலை என் தலையில் விழுந்தது.

மெழுகு பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க ரீச்சரிடமிருந்து வந்தது. கோயிலில் எரிந்து மிஞ்சிய துண்டுகளைக் கடுதாசிப் பையில் போட்டு வேலிக்கு மேலால் நீட்டுவார். பள்ளிக்கு வைத்த நேர்ச்சைக்குக் கோயில் மெழுகா என்று உம்மா முகத்தைச் சுளித்தார். உருக்கினா எல்லாம் ஒண்டுதான் ராத்தா, மெழுகுக்கு மார்க்கம் தெரியுமா என்றார் சாச்சி. சாச்சியோடு கதைத்து வென்றவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை.

கரைச்சல் எல்லாம் திரியில்தான். பழைய பிடவையைக் கிழித்து, முறுக்கி, பேணியின் அடியில் நிறுத்தி, சூடான மெழுகை ஊற்றினால், திரி அடியை விட்டுக் கழன்று செத்த மீன் மாதிரி மேலே வந்து மிதந்தது. கையால் பிடித்துக்கொண்டு ஊற்றிப் பார்த்தோம். ஆறும்வரை நின்றது. ஆனால் எரிந்து எரிந்து அடிக்கு வந்ததும், மெழுகு தண்ணீராகி, திரி பொத்தென்று சாய்ந்து அதற்குள்ளேயே அணைந்துபோனது. கால்வாசி மெழுகு மிச்சம். “ஊத்தக்கொள ஒட்டுறது வேற, எரியக்கொள ஒட்டுறது வேற” என்றார் சாச்சி. எதையாவது வைத்துத் திரியை அடித்தகரத்தோடு ஒட்டியே ஆக வேண்டும் என்று முடிவாயிற்று.

முதலில் கோதுமை மாப் பசை. சூட்டு மெழுகு பட்டதும் கொப்புளித்து விட்டுவிட்டது. பிறகு விளாம்பிசின். ஈரத்தில் நன்றாகப் பிடித்தது, காய்ந்ததும் வெடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தபாற்கந்தோரில் பொதிகளுக்கு முத்திரை வைக்கும் அரக்கில் ஒரு துண்டு வாப்பா கேட்டு வாங்கி வந்தார். அது மெழுகோடு மெழுகாக இளகி, வெள்ளை மெழுகெல்லாம் சிவப்பாகி, பார்க்க மட்டும் வடிவாக இருந்தது. புருசன் செத்தவள் அழுதுகொண்டு இருப்பாள் என்று பார்த்தால், ஒரு திரியை ஒட்ட ஊரெல்லாம் பிசின் தேடுகிறாளே என்று உம்மா அடுப்படியில் நின்று புறுபுறுத்தார். உண்மையில் சாச்சி அழாத நாள் இல்லை. சுபஹுத் தொழுகை முடிந்து அழுவார். அழுது முடித்துவிட்டுத்தான் பிசினைக் கையில் எடுப்பார்.

அரக்கும் தோற்ற அன்றைக்குத்தான், “எண்ட வீட்டுக் கதவு செஞ்ச ஓடாவி கடற்கரையில தோணி செய்றாராமே, அவருக்குத் தெரியாத பசையா? போய்க் கேட்டுப் பாரு மகள்” என்றார் சாச்சி.

எங்கள் ஊரில் தச்சு வேலை செய்பவரை ஓடாவி என்போம். இவர் கோமாரிப் பக்கத்து ஆள், முப்பது வயதிருக்கும், இன்னும் கலியாணம் முடிக்கவில்லை. சாச்சியின் வீடு கட்டும்போது கதவு, சன்னல் எல்லாம் இவர் கைதான். இப்போது கடற்கரையில் ஓலைக் கொட்டில் போட்டு யாருக்கோ ஒரு தோணி செய்துகொண்டிருந்தார். நான் போய் விஷயத்தைச் சொன்னதும், யார் கேட்கச் சொன்னது என்றார். சாச்சி என்றேன். கையிலிருந்த, மரம் செதுக்கும் வாச்சியை மணலில் வைத்துவிட்டு, என்ன பேணி, எவ்வளவு உயரம், திரி எத்தனை இழை என்று பெரிய மனுசியிடம் கேட்பதுபோல என்னிடம் கேட்டார். தோணி ஓட்டை அடைக்க வைத்திருந்த குங்கிலியத்தில் ஒரு கட்டியைப் பூவரசம் இலையில் சுற்றித் தந்தார். “ஒட்டிச்சா எண்டு கேளு. கேட்டு வந்து எனக்கிட்டச் சொல்லு” என்றார்.

குங்கிலியம் தண்ணீருக்குத்தான் பயப்படாது. சூட்டு மெழுகைக் கண்டதும் அதுவும் உருகிவிட்டது. அடிக்கு வந்த நெருப்பு அதில் பற்றி, பேணிக்குள்ளிருந்து கரும்புகை எழும்பி, நடு அறை முகடெல்லாம் கரியாகிவிட்டது. உம்மா ஏசிய ஏச்சைக் கேட்டுச் சாச்சி அன்றைக்குச் சிரித்தார். இத்தாவுக்கு இருந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. ஒட்டவில்லை என்று சொல்லச் சொன்னார். ஆனால் அந்தச் சாமானில் குறையில்லை, எங்கள் சூடுதான் கூடிப்போயிற்று என்றும் சேர்த்துச் சொல்லச் சொன்னார்.

இப்படிப் போய் வந்தேன், போய் வந்தேன். பலாப்பால் வந்தது, அது சரிவரவில்லை. தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து வந்தது, அதுவும் இளகிற்று. ஒவ்வொரு முறையும் ஓடாவி “ஒட்டிச்சா?” என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் சாச்சி, அவர் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், சொல்லும்போது வேலை செய்துகொண்டிருந்தாரா, நிறுத்திவிட்டுச் சொன்னாரா என்று கேட்பார். பசைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு வேறு ஆதாயம் இருந்தது. பாதி முடிந்த தோணிக்குள் ஏறி உட்காரலாம். சீவுளியிலிருந்து சுருண்டு விழும் மரச்சுருளைக் காப்பு மாதிரிக் கையில் போடலாம். அலையில் கால் நனைக்கலாம். இன்னும் ஒரு வருஷம்தான் உனக்கு ஆட்டம், பெரிய பிள்ளையானால் வாசல்படியோடு சரி என்று உம்மா அப்போதே சொல்லத் தொடங்கியிருந்தார். கடலுக்குப் போக எனக்கு இருந்த ஒரே சாட்டு அந்தத் திரி.

கடைசியாக ஓடாவி ஒன்றும் பொதிந்து தரவில்லை. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைக்கச் சொன்னார். திரியின் அடியைப் பிரித்துப் பரப்பி, அதன்மேல் அப்பி, இரண்டு நாள் காயவிட வேண்டும். இவ்வளவையும் சீவிக்கொண்டே சொன்னவர், பிறகு சீவுளியை நிறுத்தினார்.

“இது ஒட்டினா கழராது மகள். அவசரப்பட வேணாம், ஆறுதலாக் காயட்டும் எண்டு சொல்லு. நாலு மாசம் பத்து நாள் எண்டாலும் நான் பாத்துக்கிட்டு இரிப்பன். ஒட்டிச்சா எண்டு மட்டும் கேளு.”

பசை காய இரண்டு நாள் போதும் என்று சொன்ன மனுசன், பிறகு ஏன் நாலு மாதக் கணக்குச் சொல்கிறார் என்று வழிநெடுக நினைத்தேன். வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிட்டேன். ஆனால் சொன்னதைச் சொன்னபடியே சாச்சியிடம் ஒப்பித்தேன். சாச்சி திரும்பவும் சொல்லச் சொன்னார். திரும்பவும் சொன்னேன். அவர் தலைப்பிடவையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

இத்தாவில் இருக்கும் பெண்ணிடம் கலியாணப் பேச்சை வெளிப்படையாக எடுக்கக் கூடாது. சாடையாகச் சொன்னால் குற்றமில்லை. மார்க்கம் அவ்வளவுக்கு இடம் வைத்திருக்கிறது. நான் இதை அறிந்தது என் மாப்பிள்ளை மவுத்தாகி நானே இத்தா இருந்தபோது. எனக்கு ஓதிக்கொடுக்க வந்த பெண் போகிறபோக்கில் சொன்னாள். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னத்துக்கு அழுகிறாய் என்று அவள் கேட்டாள். செத்துப்போன என் மாப்பிள்ளைக்காக அழுகிறேன் என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.

சுண்ணாம்பும் முட்டையும் கல்லு மாதிரி இறுகின. மெழுகை ஊற்றினோம், திரி அசையவில்லை. மறுநாள் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அதை ஏற்றிவைத்துவிட்டுச் சாச்சி அதற்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிடக்கூட எழும்பவில்லை. மெழுகு முழுதும் தண்ணீராகிய பிறகும் திரி நிமிர்ந்தபடி நின்று, கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டுத்தான் அணைந்தது. சாச்சி பேணியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். கருகிய திரிக்கால் அடியோடு அடியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஒட்டிச்சி எண்டு போய்ச் சொல்லு. கழரவே இல்லையாம் எண்டும் சொல்லு” என்றார். சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். சந்தோஷத்தில் பசி மறந்து களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

கடற்கரைக்குப் போகும் வழியில்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. ஒட்டிற்று என்று சொன்னால் இதோடு கதை முடிந்தது. இனிக் கடலுமில்லை, தோணியுமில்லை. ஒட்டவில்லை என்று சொன்னால் இன்னொரு பசை தருவார். அதையும் பார்த்து, இன்னும் ஒன்று பார்த்து, தோணி கடலில் இறங்கும்வரை இழுத்துவிடலாம். யாருக்கு என்ன நட்டம்? வீட்டில்தான் சரியான பசை இருக்கிறதே.

ஓடாவி என்னைத் தூரத்தில் கண்டதுமே எழும்பி நின்றுவிட்டார்.

“ஒட்டல்லயாம்” என்றேன்.

“மெய்யாவா மகள்? வேற ஒண்டும் சொல்லல்லயா?”

“இல்ல.”

அவர் தோணியின் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டு நின்றார். நான் அடுத்த பசைக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் பொறுக்காமல், வேறு ஒன்றும் இல்லையா என்று நானே கேட்டேன்.

“இதுக்கு மேல எனக்கிட்ட ஒண்டும் இல்ல” என்றார். பிறகு, “சரி மகள்” என்றார்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். தோணிக்குள் ஏறக்கூடத் தோன்றாமல் திரும்பி வந்தேன். சாச்சி வாசல் மறைப்புக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சொன்னியா என்றார். சொன்னேன் என்றேன். அவர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

“சரி மகள் எண்டு சொன்னாரு.”

இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அதனால்தான் காது சிவக்கவில்லை. சாச்சி என்னை இழுத்து நெற்றியில் கொஞ்சினார். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்றாக, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, நாற்பது பேணியையும் செய்து முடித்தார். இத்தா முடிவதற்குச் சில நாள் முன்பு, பூட்டிக் கிடந்த தன் வீட்டைக் கூட்டித் துடைக்க ஆள் விடச் சொன்னார். அந்த வீட்டுக்கு இனி யார் வரப்போகிறார்கள் என்று உம்மா கேட்டார். சாச்சி சாவியை எடுத்து உம்மாவின் கையில் வைத்தார்.

இத்தா முடிந்தது. யாரும் கலியாணப் பேச்சுக் கொண்டு வரவில்லை. தோணியை முடித்துக் கொடுத்துவிட்டு ஓடாவி எப்போதோ கோமாரிக்குப் போய்விட்டார் என்று சாச்சிக்குச் சொல்ல வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. சொல்ல ஒரு காரணமும் இருக்கவில்லையே. பின்னொரு காலம் நற்பிட்டிமுனைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார், சாச்சி மூன்று பிள்ளை பெற்றார், சண்டை சச்சரவு இல்லாமல்தான் வாழ்ந்தார். நான் எதையும் அவரிடம் சொன்னதில்லை. எனக்கு விளங்கிய நேரம் அவர் மவுத்தாகி ஆறு வருஷம்.

ஆனால் அந்தக் கந்தூரி. அந்தி மஃரிபுத் தொழுகை முடிந்ததும் மணலில் நாற்பது பேணியையும் வரிசையாக வைத்து ஏற்றினோம். நல்ல காற்று. மற்றவர்கள் கொண்டுவந்த விளக்கெல்லாம் அணைந்து அணைந்து போக, சாச்சியின் பேணிகள் மட்டும் நின்று எரிந்தன. பெண்கள் கூடி நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தீங்களா சாச்சி, ஒரு திரியும் சாயல்ல” என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

சாச்சி விளக்குகளைப் பார்க்கவில்லை. தோணிகள் இழுத்து வைத்திருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஓலைக் கொட்டில் இருந்த இடத்தில் நாலு கம்பு மட்டும் நின்றது.

“அண்டைக்கு அவருக்கிட்ட என்னெண்டு சொன்ன மகள்?”

“ஒட்டிச்சி எண்டு” என்றேன். இந்த முறை காது சுட்டது. நல்லகாலம், இருட்டிவிட்டது.

சாச்சி அந்த நாலு கம்பையும் திரும்பப் பார்த்தார். பிறகு, “சரி மகள்” என்றார்.

ஓடாவி சொன்ன அதே சொல், அதே குரல். கச்சான்கடலை வாங்கித் தின்னச் சொல்லி என் கையில் சில்லறையை வைத்தார். நான் கடைப்பக்கம் ஓடினேன். எனக்கு ஏச்சு விழவில்லை. அது ஒன்றுதான் அப்போது எனக்கு விளங்கியது.