பிலோமினா விட்டுப்போன வார்டு

பாரிஸின் லா சப்பலில், யோகநாதனின் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் பிலோமினாவுக்கு அந்த அழைப்பு வந்தது. நர்ஸ் பயிற்சிக் கல்லூரியிலிருந்து பேசினார்கள். காத்திருப்போர் பட்டியலில் அவள் நூற்று நாற்பத்தேழாவது ஆள். இந்த ஆண்டு இடங்களைக் கூட்டியிருக்கிறார்கள், அவளுக்கும் ஒன்று உண்டு, நாளைக்குள் பதில் வேண்டும் என்றார்கள்.

பொறுக்கிய முருங்கைக்காய்களை எல்லாம் திரும்பக் கூடையிலேயே போட்டுவிட்டாள். அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. புதுச்சேரியிலிருந்து பதினெட்டு வயதில் வந்தவள். பத்தொன்பது ஆண்டுகளாக ஓர் ஆஸ்பத்திரியின் முதியோர் வார்டில் நர்ஸ் உதவியாளராக இருக்கிறாள். குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள், புரட்டிப் படுக்க வைப்பாள். நர்ஸ் படிப்புக்கு இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டு முறையும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். இது மூன்றாவது முறை.

"என்ன தங்கச்சி, வீட்டிலை ஆருக்கும் சுகமில்லையோ?" என்றார் யோகநாதன்.

"இல்லண்ணே. நர்ஸ் படிக்க எனக்கு எடம் கெடச்சிடுச்சு." தன் வாயால் சொன்ன பிறகும் அவளால் நம்ப முடியவில்லை.

அதே வார்டின் உதவியாளர்களான லெத்திசியாவுக்கும் தியரிக்கும்கூட வேறு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. மூவருக்கும் சேர்த்து ஒரே கேக் வெட்டினார்கள். செப்டம்பரில் மூவரும் போய்விட்டார்கள்.

மாணவர்கள் பெருகியதில் செய்முறைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிகளில் இடம் போதவில்லை. நவம்பரில் கல்லூரி பிலோமினாவை அவளுடைய பழைய வார்டுக்கே அனுப்பியது. சிரித்துக்கொண்டே லிஃப்டில் ஏறினாள். கதவு திறந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

இடது பக்கத்து நடையில் விளக்கில்லை. மெத்தையில்லாத கட்டில்களை வழியை மறித்து நிறுத்தியிருந்தார்கள். அவள் வேலையை விட்டுப் போனபோது அந்தப் பக்கம் பன்னிரண்டு பேர் படுத்திருந்தார்கள். ஒருவரையும் காணோம்.

"சுபாஷினி, இது என்னம்மா?"

அவளோடு ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துப் பெண் சுபாஷினி. கையுறையைக் கழற்றியபடி சொன்னாள்: "பூட்டிப்போட்டினம் அக்கா. நீங்கள் மூண்டு பேரும் போன பிறகு உங்கடை இடத்துக்கு ஒருத்தரும் வரேல்லை."

"மரி-லூயிஸ் அம்மா எங்க?"

"அவவை ஆர்ஜொந்தெயிலை ஒரு முதியோர் இல்லத்துக்கு மாத்திப்போட்டினம்."

மரி-லூயிஸ் எண்பத்தாறு வயது புதுச்சேரி அம்மாள். நினைவு குழம்பியதில் பிரெஞ்சு முழுக்கப் போய்த் தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது. ஊட்டும்போது தமிழில் யாராவது சொன்னால்தான் வாயைத் திறப்பார். கேக் வெட்டிய அன்று இதெல்லாம் ஒருமுறைகூடத் தன் நினைவுக்கு வரவில்லையே என்பதுதான் பிலோமினாவை உலுக்கியது.

அன்று மதியமே வார்டு பொறுப்பாளர் ஜெனவியேவின் அறைக்குப் போனாள். "படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். அந்தப் பக்கத்தைத் திறங்கள்."

ஜெனவியேவ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீங்கள் வந்தாலும் திறக்க முடியாது. கோடையிலேயே நர்ஸ்கள் இரண்டு பேர் போய்விட்டார்கள். நர்ஸ் இல்லாமல் ஒரு கட்டிலுக்குக்கூட அனுமதியில்லை."

ஞாயிற்றுக்கிழமை சான்-லாசார் ஸ்டேஷனில் ரயிலேறி ஆர்ஜொந்தெய்க்குப் போனாள். மரி-லூயிஸின் கை குச்சியாகியிருந்தது. தட்டில் மசித்த காய் தொடாமல் ஆறிக் கிடந்தது.

"வாயத் தொறங்கம்மா."

திறந்தார். நாலு கரண்டி விழுங்கிய பிறகு, "நீ எங்கடி போயிட்ட?" என்று கேட்டார். பிலோமினா அடுத்த கரண்டியை எடுத்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் போனாள். பாடப்புத்தகத்தை அந்தக் கட்டிலோரத்திலேயே வைத்துப் படித்தாள். இரண்டாம் ஆண்டு பிப்ரவரியில் மரி-லூயிஸ் இறந்துபோனார். தியரி அதே ஆண்டு படிப்பை விட்டான். லெத்திசியா பட்டம் வாங்கியதும் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டாள். மருந்தளவுக் கணக்குத் தேர்வை இரண்டு தடவை எழுதி, ஐம்பத்தொரு வயதில் நர்ஸாகிப் பழைய வார்டுக்குத் திரும்பியவள் பிலோமினா ஒருத்திதான்.

அவளோடு இன்னொரு புது நர்ஸும் சேர்ந்ததால் இடது பக்கத்தில் எட்டுக் கட்டில்களைத் திறந்தார்கள். மீதி நாலையும் திறக்க ஓர் உதவியாளர் வேண்டுமாம். ஜெனவியேவ் தேடிக்கொண்டிருக்கிறார்.