அவர் 'சரி' என்றால்

என் வீட்டுக்காரர் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு விளம்பரம் சொல்கிறவர். திருவண்ணாமலையில் எந்த ஜவுளிக்கடை திறந்தாலும், பௌர்ணமிக்கு எங்கே அன்னதானம் நடந்தாலும், தேரடித் தெருவிலிருந்து வேங்கிக்கால் வரை அவர் குரல்தான் போகும். எழுதிக் கொடுத்ததை அப்படியே படிக்க மாட்டார். தெருவையும் கூட்டத்தையும் பார்த்து அவராகவே வரி கட்டுவார். பக்கவாதம் வந்து அந்த வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதும் வீடே ஊமையாகிவிட்டது.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எங்கள் மகன், அவருடைய பழைய விளம்பரப் பதிவுகளையெல்லாம் ஏஐக்குக் கொடுத்து, அவர் குரலை ஒரு போனுக்குள் கொண்டுவந்தான். நாம் கேட்கும் கேள்விக்கு அதுவே மூன்று பதில்களைத் திரையில் காட்டும். அவர் இடது கையால் ஒன்றைத் தொட்டால், போன் அவர் குரலில் பேசும். முதல் தடவை "தண்ணி வேணும்" என்று கேட்டது, ஆடித் தள்ளுபடியை அறிவிக்கிற தோரணையில். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சொம்பில் தண்ணியை எடுத்துவந்து நீட்டினேன்.

அன்றைக்கு மகன் காரோடு வந்திருந்தான். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இடம் அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதாம். நாள் தள்ளத் தள்ளப் பேச்சு திரும்புவது கஷ்டம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அப்பாவை மட்டும் அழைத்துப் போகிறேன், நீ வீட்டைப் பார்த்துக்கொள் என்பது அவன் ஏற்பாடு.

"அப்பா, என்கூட சென்னைக்கு வந்துடறியா?" என்று போனை நீட்டினான்.

அவர் தொட்டார். "சரி" என்றது போன், கணீரென்று.

"பாத்தியாம்மா, அப்பாவே சொல்லிட்டாரு."

"உங்கப்பா சரின்னா மாட்டேன்னு அர்த்தம்டா" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். என் வாயை அடைக்க ஒரு சரி; அப்புறம் அந்த வேலை நடக்கவே நடக்காது. மனசு இருந்தால் "எப்போ?" என்று கேட்பார். இதையெல்லாம் அவர் மைக்கில் பேசியதில்லையே, அந்தப் போனுக்கு எப்படித் தெரியும்? ஹாஸ்டலில் வளர்ந்த மகனுக்கே தெரியாது.

"உனக்குத் தோதா பேசாதம்மா. அவருக்குப் பேச்சு வராமயே போயிட்டா நீ பொறுப்பா?"

சுருக்கென்று தைத்தது. அவரை விட்டு இருக்க முடியாமல்தான் இப்படிப் பேசுகிறேனோ என்று எனக்கே பயம். போனைப் பிடுங்கி நானே நீட்டினேன்.

"ஏங்க, இங்கயே இருந்துடலாமா?"

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் தொட்டார்.

"சரி."

மகன் மெதுவாகக் கேட்டான்: "இதுவும் மாட்டேன்தானாம்மா?"

இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்? "ஆமாண்டா. இங்க இருக்கவும் அவருக்கு இஷ்டமில்ல."

வாசலில் கார் நின்றது. அவர் சட்டைகளை மடித்து வைத்த பை கட்டில் ஓரத்தில் இருந்தது. என்னையும் வா என்று யாரும் கூப்பிடவில்லை. நானும் வாய்விட்டுக் கேட்கவில்லை. இன்னும் எதற்கு இந்த வீம்பு என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"நானும் கூட வரேங்க. போலாமா?"

மகன் போனை நீட்டினான். இடது கை அதை ஒதுக்கித் தள்ளியது. கோணிய வாய் திறந்தது, மூடியது, மறுபடியும் திறந்தது. நெற்றி நரம்பு புடைத்தது.

"எ... ப்போ?"

பையைத் திறந்து, அவர் சட்டைகளுக்கு மேலே என் புடவைகளை எடுத்து வைத்தேன்.