மழை நாளிலும் பிள்ளைகளை உட்கார விடாத எங்கள் அக்கா

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடு என்று வீட்டில் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் கோபத்தை விழுங்கிக்கொண்டு எழுத எனக்கு வரவில்லை.

அக்கா கருவடிக்குப்பத்தில் பிறந்தார். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடியபோது அக்கா பத்தாம் வகுப்பு முடித்திருந்தார். அதோடு படிப்பு நின்றது. எட்டு வருடம் துணிக்கடையில் கால் கடுக்க நின்றார். பிறகு ஆட்டோ ஓட்டும் மாமாவைக் கட்டிக்கொண்டார். குழந்தை இல்லை. அதை எத்தனை விசேஷத்தில் எத்தனை பேர் குத்திக் காட்டினீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

பின்னாளில் வைத்திக்குப்பத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மீன் விற்கவும் வீட்டு வேலைக்கும் போகும் தாய்மார்கள் காலையில் விட்டுப் போகும் பிள்ளைகள், இருபது பேர் இருக்கும். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை. "கடைசியில ஆயா வேலைக்கா போற?" என்று சிரித்தவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

வெயில் காலத்தில் கவலையில்லை, வாசலிலேயே மணல். ஐப்பசி, கார்த்திகையில் கதவையே திறக்க முடியாது. இருபது பிள்ளைகளுக்கும் ஒரே கூடம். மாமா ஃபிரிட்ஜ் கடையிலிருந்து பெரிய அட்டைப் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார். இரண்டு பக்கமும் திறந்து வைத்தால் குகை. பாய்களைச் சுருட்டி அடுக்கினால் ஏறி இறங்க மேடு. ஜன்னலுக்கு ஜன்னல் பழைய புடவையைத் தாழக் கட்டினால் அடியில் தவழ வேண்டும். தலையணையைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்ச் சுவரோரம் போட வேண்டும். எல்லாம் போய்ச் சேர்ந்ததும் திரும்பத் தூக்கி வர வேண்டும். அந்தக் கனத்த உடம்போடு அக்காவும் தவளை போலக் குதிப்பார்.

நானே ஒருநாள் கேட்டேன்: "ஏங்கா இந்தப் பாடு? ஃபோன்ல எதையாவது போட்டுக் காட்டிட்டு நீயும் செத்த நேரம் உக்காரேன்."

"உக்கார வெச்சா சாயந்தரம் வரைக்கும் சிணுங்குங்கடி. சோறு எறங்காது, தூக்கம் வராது. அதுங்க காலு ஓடறதுக்கு வந்த காலு. மழன்னா அதுக்குத் தெரியுமா?" என்றார்.

மீன் விற்கும் செல்வியின் மகள் மகிழினிக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. நடக்கத் தெரியும், நடக்க மாட்டாள். உடம்பில் குறை ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் ஃபோனைக் கொடுத்து உட்கார வைத்தே பழக்கியிருந்தார்கள். அக்கா அட்டைக் குகைக்கு அந்தப் பக்கம் குப்புறப் படுத்துக்கொண்டு, "வாடி என் தங்கம்" என்று தினமும் கூப்பிடுவார். மூன்றாவது வாரம் மகிழினி தவழ்ந்து வந்து அக்காவின் மூக்கைப் பிடித்தாள். மழை விடுவதற்குள் ஓடவே ஆரம்பித்துவிட்டாள்.

அதே மழைக்காலத்தில் ஒரு பையன் பாய் மேட்டிலிருந்து உருண்டு நெற்றி லேசாகப் புடைத்தது. அழுது முடித்து அவன் மறுபடி ஏறிக்கொண்டிருந்தபோது நிறுவனத்தின் மேலாளர் உள்ளே வந்தார்.

"இது காப்பகமா, சந்தக்கடையா? பசங்கள உக்கார வெக்கத் தெரியலன்னா உங்களுக்கு எதுக்கு வேல?"

"உக்கார வெக்கறதுக்கு நான் எதுக்கு சார்? ஒரு டிவி போதுமே."

மறுநாளே டிவி வந்தது. அக்காவைச் சமையலறைக்கு மாற்றினார்கள். 'கவனக்குறைவு' என்று ஒரு கடிதமும் கொடுத்தார்கள். கவனக்குறைவாம்! எந்தப் பிள்ளைக்குப் படி இறங்கப் பயம், எந்தப் பிள்ளை இடது காலை முதலில் வைக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக் கூடியவருக்கு அந்த வார்த்தை.

நான்கு நாள் டிவி சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்கினார். ஐந்தாம் நாள் காலை, கொட்டும் மழையில் செல்வி மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு நகர மறுத்தார். மற்ற தாய்மார்களும் சேர்ந்துகொண்டார்கள். நெற்றி புடைத்த பையனின் அம்மாதான் முன்னால் நின்று மேலாளரைக் கேட்டார்.

"அடிபட்டது எம் புள்ளைக்கு. நானே ஒண்ணும் கேக்கல, நீ யாரு கேக்கறதுக்கு? அந்தக்காவ உள்ள உடு. இல்லன்னா இப்பவே எல்லாரும் புள்ளைங்கள கூட்டிட்டுப் போறோம்."

மதியத்துக்குள் அக்கா கூடத்துக்குத் திரும்பினார். டிவி அணைந்தது. அந்தக் கடிதத்தை மட்டும் அவர்கள் கடைசிவரை திரும்பப் பெறவில்லை.

போன கார்த்திகையில் மார்பு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "பாயெல்லாம் காய வெச்சாங்களா?" என்று மாமாவிடம் கேட்டார். இரண்டாம் நாள் போய்விட்டார். நிறுவனத்தார் 'அமைதியின் வடிவம்' என்று போட்டுக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை வைத்தார்கள். பிள்ளைகளை அமைதியாக உட்கார வைக்கவில்லை என்றுதானே அவரைத் தண்டித்தீர்கள்? இப்போது அந்தக் கூடத்தில் டிவி மறுபடியும் ஓடுகிறதாம். செல்வி சொல்லிச் சொல்லி அழுதார்.

வெளியாரை மட்டும் சொல்வானேன்? கருமாதியன்று விடாத மழை. வீட்டுக்குள் ஐந்தாறு சிறுசுகள் ஓடின. நம் சொந்தத்தில் ஒரு பெரியவர், "சாவு வீட்ல என்ன ஆட்டம்? ஃபோன குடுத்து உக்கார வைங்க" என்று அதட்டினார். பிள்ளைகள் சுவரோரம் ஒடுங்கின. மாமா எழுந்தார். கட்டிலிலிருந்த மெத்தையை இழுத்துத் தரையில் போட்டார்.

"குதிங்கடா. அவ இருந்தா இதத்தான் சொல்லுவா."

சிலர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாளும் கூடவே நின்ற செவிலியர்களுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், மழையில் நனைந்து நியாயம் கேட்ட செல்விக்கும் வைத்திக்குப்பத்துத் தாய்மார்களுக்கும், மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடிதம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லும் பெருந்தன்மை என்னிடம் இல்லை.

நினைவு நாளுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். பெரியவர்கள் வெளியே பந்தலில் உட்காருங்கள். கூடம் பிள்ளைகளுக்கு.