மாதாவுக்கு மழைக்கவர்

புதுச் சுருள் வந்ததும் மரியசூசை அதை முகர்ந்து பார்ப்பார். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஜீப்புகளுக்குப் படுதா தைப்பது அவர் தொழில். ஜன்னலுக்கு வைக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளை மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிரியாணிக் கடை வாசலில் நிற்பவர் முகம் அப்போது அவருக்கு. "சத்துள்ள தாளுங்க இது" என்பார்.

சத்து என்று அவர் சொல்வது, தாள் துவண்டு கொடுப்பதற்காக ஆலையில் சேர்க்கும் நெகிழ்வூட்டியை. நாள்பட்ட வெயிலில் அது மெல்ல வெளியேறிவிடும். "சத்துப் போச்சுன்னா அப்பளந்தான். தொட்டா நொறுங்கிரும்." குளிரில் நல்ல தாளே விறைத்துக்கொள்ளும், கொடைக்கானலில் குளிருக்கா பஞ்சம்? பொழுது ஏறும்வரை மனிதர் கத்திரியைத் தொடமாட்டார். டீ, ஊர்க்கதை, மறுபடி டீ.

போன வருடத் திருவிழாவில், மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய தாளில் மாதாவுக்கு மழைக்கவர் செய்தார். நடுப்பவனியில் அது விரிசல் விட்டு மாதாவின் பட்டு நனைந்துபோனது. அதற்குப் பிறகு கோயிலில் கடைசி வரிசைதான். இந்த வருடமும் தானே செய்வதாகக் கெஞ்சிக் கேட்டு வாங்கினார்.

நல்ல தாளில் கவர் தயாராகித் தேரில் ஏறியும் விட்டது. பவனி கிளம்பச் சற்று முன்னால், தேருக்குப் பெயின்ட் அடித்த டிக்சன், முன்பக்கம் பளபளக்கட்டுமே என்று தின்னரைத் தொட்டுத் துடைத்தான். தாள் இளகிப் பாலாக வெளுத்துவிட்டது. மாதாவின் முகமே தெரியவில்லை.

"ஏலே! ஒட்டுறதுக்கு ஓரத்துல ஒரு சொட்டு வைக்கிற சாமான, மூஞ்சி பூராம் பூசி வச்சிருக்கியே!"

"அழுக்குப் போவும்னு நெனச்சேண்ணே."

"அழுக்கோட மாதாவும்லடா போயிட்டாக!"

கத்திவிட்டுக் கடைக்கு ஓடிப் புதுத் தாளோடு திரும்பினார். ஆனால் சாரல் குளிரில் அது பலகையாக விறைத்துக் கிடந்தது. மடித்தால் முறியும். தின்னர் புழங்கும் இடத்தில் அடுப்பு மூட்டவும் முடியாது. சட்டையைக் கழற்றினார். தாளை முறியாதபடி அகலமாக வெற்றுடம்பில் சுற்றி, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

அவர் மனைவி அனிட்டாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னங்க, பிள்ளத்தாச்சி மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"சிரிக்காத. வெரசா இன்னொரு கம்பளி எடுத்தா!"

மெல்ல மெல்லத் தாள் அவர் உடம்போடு இழைந்தது. வெளுத்த பாகத்தை வெட்டியெடுத்தார். புதுத் தாளை அங்கே பொருத்தி, ஓரங்களில் மட்டும் அதே தின்னரைத் தொட்டு வைத்து, இரண்டும் இளகி ஒன்றாகும்வரை அழுத்திப் பிடித்தார்.

தேர் நகர்ந்தபோது மழை கொட்டியது. கவருக்குள் மாதாவின் முகம் பளிச்சென்று தெரிந்தது. தெருவே கைகூப்பி அந்த முகத்தைப் பார்த்தது. மரியசூசை மட்டும் தேரோடு ஒட்டி நடந்தார். குடை பிடித்து வந்த அனிட்டாவின் முந்தானையில் கையை ஈரம் போகத் துடைத்துக்கொண்டு, கவருக்கு அடியே விட்டுப் பட்டின் கரையைத் தொட்டுப் பார்த்தார்; ஈரமில்லை. பிறகு அந்த விரல்களைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.