லேமினேட் ரோனால்டும் கொரியாக்காரன் அட்டையும்

கோலா கெத்தில் என்ற சிற்றூரின் பஸ் நிலையத்துக்குப் பின்வரிசையில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கும் ரோனால்டை ஊரில் 'லேமினேட் ரோனால்ட்' என்றுதான் சொல்வார்கள். அவர் கையில் ஒரு காகிதம் சிக்கினால் அது சும்மா வீடு திரும்பாது. பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மெஷினில் விட்டு, நாலு மூலையையும் வளைத்து வெட்டிக் கொடுத்துவிடுவார். ஒரு வருடம் கோயிலில் கொடுத்த குருத்தோலைச் சிலுவையையே லேமினேட் செய்துவிட்டார் மனிதர். மறு வருடம் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலுக்காக ஃபாதர் பழைய ஓலைகளை வாங்கி எரித்தபோது, இவருடைய ஓலை மட்டும் சாம்பலாகாமல் உருகி வழிந்தது. கோயில் முழுக்க ஒரே நாற்றம். ஃபாதர் அதைப் பிரசங்கத்தில் இரண்டு முறை இழுத்துவிட்டார்.

அதற்காக ஆளைக் கிறுக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அவருக்கு ஒன்பது வயதிருக்கும்போது மூடா ஆறு பெருகி, அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்குள் தண்ணீர் புகுந்தது. தகரப் பெட்டியில் இருந்த பிறப்புப் பத்திரம் ஊறிக் கூழாகிப் போனது. பன்னிரண்டு வயதில் கூட்டாளிகள் எல்லாரும் அடையாள அட்டை எடுத்தார்கள். இவருக்கு மட்டும் இல்லை. இந்த மண்ணில் பிறந்தவன்தான் என்று நிரூபிக்க இருபத்திரண்டு வயது வரை அரசாங்க அலுவலகங்களில் படியேறி இறங்கினார். தண்ணீர் எப்போது வேண்டுமானாலும் வரும், காகிதத்தை நம்பாதே என்ற பயம் அப்போது பிடித்ததுதான், இன்னும் விடவில்லை.

இப்படிப்பட்டவருக்குப் பிறந்த ஒரே மகள் செரீனா. இருபத்து நான்கு வயது, சுங்கைப் பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. 'ஹானுல் சிக்ஸ்' என்று ஆறு கொரியப் பையன்கள் ஆடிப் பாடும் ஒரு குழு உண்டு; பெண்ணுக்கு அவர்கள் என்றால் உயிர். பாட்டு ஆல்பம் வாங்கினால் உள்ளே ஒரு சின்ன அட்டை வரும், ஆறு பேரில் ஒருவன் முகம் போட்டது. யார் வருவான் என்று பிரிக்கும்வரை தெரியாது. செரீனா அந்த அட்டைகளை அடுக்கி வைக்க ஓர் ஆல்பக் கோப்பு வைத்திருந்தாள். ஆறு பைகளில் ஐந்து நிறைந்துவிட்டன. ஆறாவது காலி. அவள் யாருக்காக உயிரை விடுகிறாளோ, அந்தக் கடைக்குட்டி டோயூன் மட்டும் அவள் கைக்கு வரவே மாட்டேன் என்று ஒன்றரை வருடமாக அடம்பிடித்தான்.

கடைசியில் வழி பிறந்தது. செர்டாங்கில் பாலர் பள்ளி ஆசிரியை அலிசியா என்பவளிடம் டோயூன் அட்டை இருந்தது. அவளுக்கு வேண்டியது குழுத் தலைவனின் அட்டை. செரீனாவிடம் தலைவன் இரண்டு இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்ளலாம், வேறொருத்தியும் கேட்கிறாள், அதற்குமேல் காத்திருக்க முடியாது என்று அலிசியா சொல்லியிருந்தாள். செரீனா தலைவனை மெல்லிய உறையில் போட்டு, வெள்ளிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

மேசையில் ஓர் அட்டை. அருகே மைலோ பானம் நிறைந்த கிளாஸ். மேலே ஒழுகும் கூரை. ரோனால்டுக்குப் பொறுக்குமா?

சாயங்காலம் அவரே அட்டையைப் பெருமையோடு எடுத்து நீட்டினார். கடையில் இருந்ததிலேயே கெட்டியான பிளாஸ்டிக், ஒரு காற்றுக்குமிழி இல்லை, மூலை நாலும் வழவழவென்று இருந்தன.

"அப்பா!" செரீனாவின் முகம் வெளுத்தது. "என்னாப்பா செஞ்சிட்டீங்க?"

"இனிமே ஆத்துல போட்டாலும் ஒண்ணும் ஆவாதும்மா."

அவள் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சின்னப் பிள்ளையில் கோழிக்குஞ்சு செத்ததற்கு அழுதது போல் விக்கி விக்கி அழுதாள். ரோனால்ட் கதவுக்கு வெளியே நின்று கையைப் பிசைந்தார். அவர் மனைவி ரூத் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அறிவு இருக்காங்க உங்களுக்கு? போட்டோகார்ட போயி யாராச்சும் லேமினேட் பண்ணுவாங்களா? உறையிலேருந்து எடுத்து, ஓரத்துல கீறல் இருக்கான்னு வெளிச்சத்துல பாத்துதான் மாத்திக்குவாங்க. நீங்க சூடு வச்சு ஒட்டிட்டீங்க. இனி அத யாரு ட்ரேட்டுக்கு எடுப்பா?"

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க கடையில இருக்கறப்ப நான் வீட்டுல செவுத்தயா பாத்துக்கிட்டு இருக்கேன்? டோயூன் அவளோட பயஸ். பயஸ்னா ஆறு பேர்ல நம்ம மனசு சாஞ்ச ஆளு. அடுத்த மாசம் அவங்களுக்குக் கம்பேக் வேற."

"எங்க போயிருந்தானுங்க, திரும்பி வர?"

"எங்கயும் போவல லா. புதுப் பாட்டு விட்டா அதுக்குப் பேரு கம்பேக். அப்புறம் பயஸ் ரெக்கர்னு ஒண்ணு இருக்கு. நாம ஒருத்தன்னு முடிவு பண்ணி உக்காந்திருக்கறப்ப, குறுக்க வந்து மனசக் கலைக்கறவன்."

"குடும்பத்தக் கெடுக்கறவன்னு சொல்லு."

"எனக்கு அந்த ஆறு பேர்ல மூணாவது ஆளு," என்றாள் ரூத், கொஞ்சமும் கூசாமல்.

கட்டின புருஷன் முகத்துக்கு நேரே இப்படியும் ஒரு பெண் சொல்வாளா? ஆனால் வாயைத் திறக்க அவருக்கு அன்று யோக்கியதை இல்லை. செரீனா மறுநாள் முழுக்க அப்பாவிடம் பேசவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. ஞாயிறு பூசை முடிந்ததும், ரூத்திடம் அலிசியாவின் நம்பரை வாங்கிக்கொண்டு, லேமினேட் ஆன தலைவனைச் சட்டைப் பையில் வைத்து, தன் சின்னக் கப்சாய் மோட்டார் சைக்கிளில் செர்டாங்குக்குக் கிளம்பினார்.

அங்கே மாமாக் சாப்பாட்டுக் கடை ஒன்றில் காத்திருந்த அலிசியா அட்டையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அங்கிள், சோரி. இத யாருமே எடுக்க மாட்டாங்க."

வழியெல்லாம் பாடம் பண்ணி வந்த கம்பேக், பயஸ் எல்லாம் ரோனால்டுக்கு மறந்துபோனது. வாயில் வந்ததைச் சொன்னார். ஆறு வீட்டுக்குள் வந்த கதை, கூழாகிப்போன பத்திரம், பத்து வருட அலைச்சல். "காயிதம் போயிட்டா மனுசன் என்னா பாடு படுவான்னு எனக்குத் தெரியும்மா. அந்தப் பயத்துல பண்ணிட்டேன். மக கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என்னோடதுதான்."

அலிசியா தன் போனைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்க உறைக்குள் ஓர் அட்டை உப்பிப்போய் இருந்தது. அதில் தலைவனுக்கு ஒரு கண் மட்டும் மிச்சம்.

"இது மூணாவது கார்ட், அங்கிள். என் பயஸ கோப்புல பூட்டி வைக்க எனக்கு மனசு வராது. கூடவே கொண்டு போவேன். மழையில நனையறேன், பிள்ளைங்க மைலோ ஊத்துதுங்க." சொல்லிக்கொண்டே லேமினேட் அட்டையை ஐஸ் டீ கிளாஸுக்குள் முக்கி எடுத்து, டிஷுவால் துடைத்தாள். தலைவன் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தான். அலிசியாவும் சிரித்தாள். "நான் விக்கவா போறேன்? எனக்கு இது போதும்."

அவள் நீட்டிய டோயூன், வாய் திறந்த மெல்லிய உறைக்குள் இருந்தான். ரோனால்ட் அதைப் பச்சைப் பிள்ளையை வாங்குவது போல் இரண்டு கையாலும் வாங்கினார்.

கூலிம் தாண்டியதும் பிடித்தது மழை. சும்மா மழையா அது! ரோனால்ட் ஒரு பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றார். ஒரு மணி நேரம் ஆயிற்று. விடுவதாயில்லை. கூரை ஒழுகி, சட்டைப் பைக்குப் பக்கத்தில் சொட்டியது. இருந்தது ஒரே ஒரு மழைக்கோட்டு. அதை உதறி, அட்டையை மாமாக் கடை பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, கோட்டுக்குள் வைத்து எட்டாக மடித்து, முன்கூடையில் கயிறு போட்டுக் கட்டினார். பிறகு வெறும் சட்டையோடு மழையில் இறங்கினார். எதிரே வந்த லோரிக்காரர் ஹோன் அடித்துச் சிரித்தார். சிரிக்கட்டுமே.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் கடை. அதன் முன்னால் வண்டி தானாகவே நின்றது. சாவி இடுப்பில் இருந்தது. மெஷின் சூடாக ஐந்து நிமிடம் போதும், அப்புறம் இந்த மழை என்ன, மூடா ஆறே வந்தாலும் டோயூனை அசைக்க முடியாது. ரோனால்டின் கை சாவியைத் தொட்டது. கொஞ்ச நேரம் அப்படியே நனைந்துகொண்டு நின்றார். பிறகு, "ஆண்டவரே, எனக்குப் புத்தியக் குடு," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வாசலில் ரூத் அவரைக் கண்டதும் கத்த ஆரம்பித்தாள். அவர் எதையும் காதில் வாங்கவில்லை. கோட்டு மூட்டையைச் செரீனாவிடம் நீட்டினார். அவள் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள். பையின் முடிச்சை அவிழ்த்தாள். டோயூன் ஒரு சொட்டு ஈரம் படாமல் இருந்தான். மூலைகூட மடங்கவில்லை. கோப்பைத் திறந்து ஆறாவது பையில் மெல்லச் செருகினாள்.

பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்து, நடுங்கிக்கொண்டு, காலடியில் தண்ணீர் குளம் கட்ட அவர் நின்றிருந்தார். செரீனாவின் முகம் கோணியது. வெள்ளிக்கிழமை அழுத அதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ரோனால்ட் பதறிப்போய் இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"ஐயோ, அழாதம்மா! சத்தியமா நான் லேமினேட் பண்ணல!"